பச்சைக்கு நடுவே முகங்கள்

கேண்டிட் படம் என்பது, ஒருவர் தம் போக்கில் இருக்கும்போது எடுக்கப்படும் படம். கேமராவுக்காக நிற்பதும் சிரிப்பதும் அதில் இல்லை. பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் இப்படி மனிதர்களைப் படமெடுப்பது கடினம். அங்கே கண்ணை முதலில் இழுத்துக்கொள்வது பச்சைதான். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய ‘போ’ (BOH) தேயிலை நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்டத்தில் பயணிகள் எடுக்கும் படங்கள் பலவற்றில், தொழிலாளர்கள் தொலைதூர வண்ணப் புள்ளிகள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களின் உழைப்பு அந்தச் சரிவுகளில் கிடப்பதை அப்படங்கள் சொல்வதில்லை.

தோட்டத் தமிழர்களைக் கேமரா நெருங்கியது அந்த நிறுவனம் தொடங்குவதற்கும் முன்பே. 1875இல் இலங்கையில் குடியேறிய புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன், 1879இல் இறக்கும்வரை அங்கிருந்த தொழிலாளர்களைப் படமெடுத்தார். (மலைக்குப் பெயர் தந்த வில்லியம் கேமரன் வேறொருவர்.) ஈரக் கண்ணாடித் தகட்டில் ஒளி பதியப் பல விநாடிகள் தேவைப்பட்டதால் அவர்கள் அசையாமல் இருந்தாக வேண்டும். விரைவாக ஒளி பதியும் தகடுகளும் ஃபிலிமும் வந்தபின் அந்தக் கட்டாயம் நீங்கியது; 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா போன்ற சிறு கேமராக்களைக் கையோடு கொண்டுபோக முடிந்தது. அன்றாட வேலையின் நடுவே முகத்தைப் பிடிப்பது அதன் பிறகு எளிதானது.

மலேசியக் கடிகாரப்படி சூரியன் உதிப்பது ஏறத்தாழ 7 மணிக்கு. பெரட்டு எனப்படும் காலை ஆள்கணக்கெடுப்பு முடிந்து ஆட்கள் வேலைக்காட்டுக்கு ஏறும் நேரத்தில் மூடுபனி இருந்தால் வெளிச்சம் மென்மையாகப் பரவும். முகத்தில் கடும் நிழல் விழாது. ஆனால் வெண்பனியைக் கண்ட கேமரா வெளிச்சம் மிகுதி என்று கணக்கிட்டுப் படத்தை இருட்டாக்கிவிடும். ஒளியளவைக் கையால் ஒரு படி கூட்டுவது நல்லது. தொப்பி விளிம்புக்குக் கீழே இருக்கும் கருத்த முகத்துக்கு அளவெடுக்க வேண்டும். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். மேட்டில் நின்றால் தொப்பிதான் தெரியும், ஆகவே ஓரிரு வரிசை கீழே இறங்கி நிற்பதே சரி. கத்தரியால் கொழுந்து வெட்டும் கையை உறையவைக்க விநாடியில் 500இல் ஒரு பங்கு வேகம் போதும். 30இல் ஒரு பங்கில் கை மங்கி, முகம் மட்டும் நிலைத்திருக்கும். அந்த மங்கலில்தான் உழைப்பின் வேகம் தெரிகிறது. குளிரிலிருந்து உலர்த்தும் கூடத்துக்குள் நுழைந்ததும் லென்ஸில் நீர்த்துளி படியும்; அது தெளியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இவற்றையெல்லாம்விடப் பெரியது கூலி பற்றிய அறிவு. கொழுந்தின் எடைக்குக் கூலி பெறுபவரை நிறுத்திவைத்தால் அவருக்கு நட்டம். எனவே கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு கொஞ்சநேரம் கூடவே நடந்து, “அண்ணே, எடுக்கலாமா?” என்று கேட்டுச் சம்மதம் பெறுவது முதல் வேலை. கேட்டால் இயல்பு போய்விடும் என்பது தவறான அச்சம். கேட்டவர் அங்கேயே இருந்தால், சற்று நேரத்தில் தொழிலாளியின் கவனம் கொழுந்துக்குத் திரும்பிவிடும். எட்ட நின்று நீள லென்ஸால் களவாக எடுத்த படத்தைவிட, அருகிலிருந்து 35 மி.மீ. லென்ஸால் எடுத்த படத்தில் உறவு தெரியும். இன்று அங்கே உழைப்போரில் வங்காளதேசத்தவரும் நேபாளியரும் இந்தோனேசியரும் உண்டு. மொழி தெரியாவிட்டாலும், வேண்டாம் என்று அவர்கள் கையசைத்தால் கேமராவை இறக்கிவிடவேண்டும்.

தோட்டத்துக்கு வெளியே, தொழில்முறையில் கேண்டிட் கலைஞர்களுக்கு வேலை தருபவை பெரும்பாலும் திருமணங்கள்தான். தாலி கட்டும் நொடியை எல்லாரும் எடுப்பார்கள். மணமகளின் பாட்டி கண்ணைத் துடைப்பதை எடுப்பவரே கேண்டிட் கலைஞர். கோவில் திருவிழாவில் காவடியைவிட, அதைத் தூக்குபவருக்குத் தண்ணீர் கொடுக்கும் தம்பியின் முகம் அதிகம் பேசும்.

படத்தை எடுத்தவர் அதன் அச்சுப்பிரதி ஒன்றைப் படத்தில் இருப்பவரின் வீட்டுக்குக் கொடுக்கவேண்டும். தோட்டத்தைவிட்டு நகரத்துக்குப் போன குடும்பங்களின் பழைய ஆல்பங்களில் பெயரில்லாத முகங்கள் ஏராளம். அப்படிப்பட்ட ஆல்பம் வைத்திருப்பவர்கள், வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பெயர், தோட்டம், ஆண்டு மூன்றையும் பென்சிலால் எழுதிவையுங்கள்.