பெரியப்பாவின் சிவப்புப் பென்சில்

கொல்கத்தாவின் பாலிகஞ்சில் பழைய வீடு இடிபடும்போது எழும் புழுதியில் சிமெண்டின் காரம் இருக்காது, சுண்ணாம்பும் செங்கல் பொடித்த சுர்க்கியும் எத்தனையோ மழைக்காலத்து ஈரமும் கலந்து, தண்ணீர் தெளித்த புது மண்பானை போல ஒரு மணம் வரும். கரியாஹாட் சந்தையைத் தாண்டி ஹிந்துஸ்தான் பார்க் பக்கம் திரும்பினால் இப்போதெல்லாம் ஏதாவது ஒரு சந்தில் அந்த மணம் இருந்துகொண்டே இருக்கிறது, பச்சை வர்ணம் அடித்த பலகைச் சன்னல்களைக் கழற்றி மதிலில் சாய்த்து வைத்திருக்கிறார்கள், சாயங்காலம் கிழவர்கள் உட்கார்ந்து பேசிய ரோவாக் திண்ணை முதல் நாளே போய்விடுகிறது, சிவப்பு ஆக்சைடு தரை தட்டு தட்டாகப் பெயர்ந்து லாரியில் ஏறுகிறது. அங்கே ப்ரொமோட்டர் கட்டப்போவது அடுக்குமாடி, கீழே கார் நிறுத்தம், மேலே கண்ணாடி பதித்த பால்கனி, திண்ணைக்கு அதில் இடம் கிடையாது.

சுர்க்கி மணம் வந்தால் கூடவே பெரியப்பா வந்துவிடுவார். அவர் எல்.சி.ஈ., அதாவது பின்னால் டிப்ளமோ என்று பெயர் மாறிய கட்டடப் படிப்பைச் சென்னை மத்திய பாலிடெக்னிக்கில் முடித்துவிட்டு, அறுபதுகளின் தொடக்கத்தில் ஹௌரா மெயில் ஏறியவர், யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துச் சுவரை இரண்டு இடத்தில் தட்டிப் பார்ப்பார், பூச்சு உள்ளே விட்டுப்போயிருந்தால் சத்தம் பொள்ளலாக வரும், வீட்டுக்காரரிடம் ஒன்றும் சொல்லமாட்டார், என்னைப் பார்த்து மட்டும் புருவத்தை உயர்த்துவார். லேக் மார்க்கெட்டை ஒட்டிய அவர் அறையில் காலையில் சிக்கரி சேர்த்த காப்பிப் பொடியின் மணமும் விபூதி மணமும், பகல் முழுக்க அம்மோனியா பிரிண்ட் சுருள்களின் நெடியும் இருக்கும், சுருளைப் பிரித்தால் கண்ணில் நீர் வரும், ஆனாலும் அந்த ஊதாக் கோடுகளை நான் ஆசையாக முகர்ந்திருக்கிறேன். மேஜையில் ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சில் கிடக்கும், பிளேடால் சீவிச் சீவி விரல் நீளத்துக்கு வந்த பிறகும் தூக்கி எறியமாட்டார், வரவுக்கு நீலம், கொடுக்க வேண்டியதற்குச் சிவப்பு, இரவு சாப்பாடு முடிந்ததும் காக்கி அட்டை நோட்டைப் பிரித்து எழுதிவிட்டுத்தான் விளக்கை அணைப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை அழைத்துக்கொண்டு நடப்பார். தாகுரியா ஏரிக்கரையில் நின்று, 1920களில் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் இந்த ஏரியைத் தோண்டிய மண்ணைக் கொட்டித்தான் சுற்றிலும் இருந்த சதுப்பை மேடாக்கினார்கள் என்று சொல்லிச் செருப்பால் தரையை ஒரு முறை அழுத்துவார். இன்னொரு நாள் நடை பாலிகஞ்ச் சர்க்குலர் ரோட்டில் பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்லூரி வாசலில் நிற்கும், அந்த வளாகம் தாரக்நாத் பாலித் பெயரைத் தாங்கியது, அவர் பெரிய வக்கீல், சுதேசி இயக்கத்தின்போது 1906இல் பெங்கால் டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட் தொடங்கக் காரணமாக இருந்தவர், அதிலிருந்து வளர்ந்ததுதான் 1955இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் ஆனது. காரைக்குடிக்கு அழகப்பச் செட்டியார் செய்ததைப் பாலித் வங்காளத்துக்குச் செய்தார் என்பார் பெரியப்பா. பையன் கையில் தொழில் வர வேண்டும் என்றால் அதற்கான பணத்தை முதலில் யாராவது பெரியவர்கள் கீழே வைக்க வேண்டும், பையன் தலையில் வைக்கக் கூடாது என்பது அவருடைய கட்சி, அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் கனக்கும்.

கனத்ததற்குக் காரணம் கும்பகோணத்தில் இருந்தது. அங்கே எங்கள் வீட்டு முற்றத்தில் நெல் அவிக்கும் ஆவிக்கும் மாட்டுக் கொட்டில் வாசத்துக்கும் நடுவே, பாட்டி தன் இரட்டை வடச் சங்கிலியை மஞ்சள் துணியில் முடிந்து பெரியப்பாவின் படிப்புக்காக 300 ரூபாய்க்கு அடகு வைத்த கதையைத் தவலை அடுப்பைத் தள்ளிக்கொண்டே சொல்வாள், குறையாக இல்லை, நாள் நட்சத்திரம் சொல்கிற குரலில். பெரியப்பாவின் முதல் சம்பளம் 120 ரூபாய், ஆகக் கடன் இரண்டரை மாதச் சம்பளம், சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்கும் போக மிச்சம் பிடித்து வருஷம் திரும்புவதற்குள் சங்கிலி பாட்டி கழுத்துக்கு வந்துவிட்டது. அவர் கெட்டிக்காரர் என்பதால் மட்டும் அது நடக்கவில்லை, ஐந்தாண்டுத் திட்டங்கள் அணையும் பாலமும் உருக்காலையும் எழுப்பிக்கொண்டிருந்த காலம், ஓவர்சியர் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது, படிப்பு முடிந்த கையோடு சம்பளம் கிடைத்தது.

பின்னாளில் அவர் மெட்ரோ வேலைக்கு ஒரு ஒப்பந்தக்காரரிடம் போனார். 1972 டிசம்பரில் அடிக்கல் நாட்டி, சாலையை மேலிருந்தே வெட்டிச் சுரங்கம் அமைத்து மூடும் முறையில், காளிகாட் பக்கம் வருஷக்கணக்கில் பள்ளமாகக் கிடந்தது. பள்ளத்தின் ஓரமாகப் பலகைப் பாலத்தில் நடந்து பள்ளிக்கூடம் போவோம், கீழே ஈரக் களிமண்ணின் குளிர்ந்த வாடை, பம்பு இரைச்சல், பெரியப்பா வேட்டியை விட்டுக் காலுறைக்குள் பேண்ட்டைச் செருகிக்கொண்டு நிற்பார், ஒரு கைப்பிடி கலவையை உருட்டித் திறந்து விரல் தடம் எப்படிப் பதிந்திருக்கிறது என்று பார்ப்பார். அந்த ஒப்பந்தக்காரர் சில மாதம் சம்பளம் தராமல் இழுத்தடித்தபோது நோட்டில் சிவப்பு ஏறியது, லேக் மார்க்கெட் மளிகைக்காரர் பெயர், பால்காரர் பெயர் எல்லாம் வந்தன, ஆனால் வட்டி என்ற ஒரு வார்த்தை வரவில்லை. 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடிலிருந்து பவானிப்பூர் வரை முதல் ரயில் ஓடியது, டோலிகஞ்ச் வரை நீள்வதற்கு 1986 ஆயிற்று, பெரியப்பா அதில் ஏறி உட்காரவில்லை, நின்றுகொண்டே சுவரைப் பார்த்தபடி வந்தார்.

இதெல்லாம் போன மாதம் ஒரே மூச்சில் திரும்பி வந்தது, இடிபடும் ஒரு வீட்டுக்கு எதிரே இட்லிக் கடை போடும் தென்காசி அண்ணாச்சி என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டியபோது. "சார், பையன் சிவில் டிப்ளமோதான் படிப்பேன்ங்கான், ஊர்ல ஒரு தனியார் காலேஜ், ஹாஸ்டலோட நாலு லட்சம் ஆகும், லோன் அவங்களே வாங்கித் தாராங்களாம்" என்றார். கல்விக்கடனில் 4 லட்சம் வரை சொத்து ஈடும் கேட்பதில்லை, நம் பங்காகப் பணமும் கேட்பதில்லை, படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துக் கட்டத் தொடங்கினால் போதும், அதனால் கடன் என்றே தோன்றாமல் கையெழுத்து விழுந்துவிடுகிறது. கடைப் பலகையிலேயே கணக்குப் போட்டோம். 10.5 சதவீத வட்டி என்று எழுதியிருந்தது, மூன்று வருஷப் படிப்பு, பணம் வருஷத்துக்கு ஒரு பங்காக மூன்று சம பங்கில் வரும், பிறகு ஒரு வருஷ அவகாசம், அதற்குள் வட்டியாக மட்டும் 1.26 லட்சம் சேர்ந்து 5.26 லட்சமாகிவிடும், ஐந்து வருஷத்தில் அடைக்க மாதம் 11,300 கட்ட வேண்டும். சைட் சூப்பர்வைசராகச் சேருகிறவருக்கு அந்தக் கல்லூரியே சொல்லும் சம்பளம் 15,000. டிப்ளமோ முடித்த அப்ரண்டிஸுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை என்று 2019இல் அரசு வைத்தது 8,000, தவணைக்கே அது போதாது. பெரியப்பாவுக்கு இரண்டரை மாதச் சம்பளமாக இருந்த சுமை இந்தப் பையனுக்கு முப்பத்தைந்து மாதச் சம்பளம், பத்து வருஷம் கழித்து அவன் நன்றாகச் சம்பாதிக்கலாம், பாலம் கட்டலாம், ஆனால் வங்கி கேட்பது முதல் வருஷத்துப் பணத்தை.

எதிரே இடித்துக்கொண்டிருந்த முர்ஷிதாபாத் ராஜ்மிஸ்திரி, அதாவது கொத்தனார், பீடியோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார், பல வருஷம் கேரளத்தில் கொத்து வேலை செய்துவிட்டுத் திரும்பியவர், அங்கே கிராமப்புறக் கட்டட வேலைக்குத் தினக்கூலி சராசரியாக 850 ரூபாயைத் தாண்டியது என்று ரிசர்வ் வங்கியின் 2022-23 கணக்கே சொல்கிறது, நாட்டுச் சராசரி 390ஐ ஒட்டித்தான். அப்படியானால் கேரளத்தில் இருபத்தைந்து நாள் கரண்டி பிடித்தால் சூப்பர்வைசர் சம்பளத்தை விட அதிகம், கடனும் இல்லை. அண்ணாச்சிக்கு அது பிடிக்கவில்லை. "வெயில்ல செங்கல் சுமக்கவா சார் நான் இத்தனை வருஷம் மாவாட்டினேன்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை என்னால் ஒதுக்க முடியவில்லை, கரண்டி பிடித்தவருக்கு ஐம்பது வயதில் முதுகு போய்விடும், வரைபடம் படிக்கத் தெரிந்தவர் அப்போதும் நின்று வேலை வாங்கலாம், படிப்பின் மதிப்பு அங்கேதான் தெரியும், அதுவரை பையனைக் கடன் விட்டுவைக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை.

அண்ணாச்சி வீட்டார் இந்த ஊரில் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கிறவர்கள், மேற்கு வங்க அரசின் 2021 மாணவர் கடன் அட்டைக்கு மனுப் போடலாம், 4 சதவீதத் தனி வட்டி, அடைக்க அவகாசம் உட்படப் பதினைந்து வருஷம், அதே நாலு லட்சத்துக்கு மாதத் தவணை 11,300இல் பாதிகூட வராது, கல்லூரி ஏஜெண்ட் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதற்கும் முன்னால் அரசு பாலிடெக்னிக் பட்டியல் வரட்டும், பாலிகஞ்ச் ஸ்டேஷனில் லோக்கல் ஏறினால் தாகுரியாவுக்கு அடுத்தது ஜாதவ்பூர், அங்கே ஏ.பி.சி. ராய் பாலிடெக்னிக் இருக்கிறது, இடம் கிடைத்தால் ஹாஸ்டல் செலவே இல்லாமல் வீட்டுச் சோறு தின்று படித்துவிடலாம் என்றேன். பையன் அதுவரை பேசாமல் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தவன், "அங்க கிடைக்கலன்னா மேஸ்திரிகூட ஒரு வருஷம் போய்ப் பார்த்துட்டு அப்புறம் மனு போடுதேன் சார்" என்றான். அண்ணாச்சி அவனை முறைத்தார், இன்னும் சம்மதிக்கவில்லை, ஆனால் தனியார் கல்லூரிக்குக் கட்ட வேண்டிய முன்பணத்தை அந்த வாரம் அனுப்பவில்லை.