பெண் வேஷத்துக்கு ஒரு படம்

பங்குனி பிறந்தால் வேடந்தாங்கல், மதுராந்தகம் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில்கள் களைகட்டத் தொடங்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். விடிய விடிய ஆடும் அந்தக் கூத்தில் திரௌபதியாக வருபவர் காலங்காலமாக ஓர் ஆண்தான்.

கட்டை வேஷம் என்றால் கல்யாண முருங்கை மரத்தில் செய்து கண்ணாடிச் சில் பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் உண்டு. துரியோதனன் திரையை விலக்கி வரும்போது கட்டையே பாதி நடித்துவிடும். பெண் வேஷத்துக்கு அந்தத் துணை இல்லை. ஒரு சேலை, சவுரி, கொஞ்சம் நகை; மிச்சத்தைக் குரலும் நடையும்தான் கொண்டுவர வேண்டும். துகிலுரியும் கட்டத்தில் துச்சாதனன் வேஷக்காரரே ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் காட்டி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பிறகு சேலையில் கை வைப்பார். அழுதுகொண்டு கும்பிடும் பெண்களுக்குச் சேலைக்குள் இருப்பது ஆண் என்று தெரியாதா? தெரிந்துதான் கும்பிடுகிறார்கள்.

ஜப்பானின் கபுகி நாடகத்திலும் இதே கதை உண்டு. 1603 வாக்கில் அதைத் தொடங்கிவைத்தவர் இசுமோ நோ ஒகுனி என்ற பெண். 1629-இல் பெண்கள் மேடையேற அரசு தடை போட்டது. பெண் வேஷம் ஆண்கள் கைக்குப் போயிற்று. அவர்களை ஒன்னகாட்டா என்றார்கள். நகரத்து ரசிகர்கள் அவர்களின் படங்களைக் காசு கொடுத்து வாங்கினார்கள். மரப்பலகையில் செதுக்கி, வண்ணம் தடவி, காகிதத்தில் ஒற்றியெடுத்த படங்கள். 1794-95இல் பத்தே மாதங்களில் நூற்று நாற்பதுக்கும் மேல் வரைந்து தள்ளிய ஓவியர் ஷராக்கு, இரண்டாம் செகாவா தோமிசாபுரோவை ஒரு மனைவி வேஷத்தில் வரைந்திருக்கிறார். கொண்டையும் கிமோனோவும் பெண்ணுக்கு உரியவை, முகமோ ஆணுடையது. அவர் அதை அழகாக்கி மறைக்கவில்லை. எனக்கு அந்தப் படம் கூத்தை நன்றாகப் புரியவைத்தது. வேஷத்தின் பெருமை ஆளை மறைப்பதில் இல்லை. ஆள் தெரியும்போதே பாத்திரத்தை நம்பவைப்பதில் இருக்கிறது.

தோமிசாபுரோவின் பெயர் இருநூறு ஆண்டு கடந்தும் நிற்கிறது. நம்மிடம் நாடக மேடை ஓரளவு தப்பித்தது. 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய பால சபாவில் வளர்ந்த டி.கே. சண்முகத்துக்கு ஔவையார் வேஷமே பட்டப்பெயர் ஆனது. சீதையாக வேஷம் கட்டிய சிறுவன் கணேசனை, சிவாஜி கணேசனாகப் பின்னாளில் சினிமா காப்பாற்றிக்கொண்டது. கிராமத்துத் திரௌபதிகளுக்கு அந்த வழியும் இல்லை. நான் பார்த்த திருவிழா நோட்டீஸ்களில் உபயதாரர் பெயர் வரிசையாக இருக்கும். கூத்துக் குழுவான ஜமாவின் பெயரும் இருக்கும். பெண் வேஷம் கட்டுகிறவர் பெயர் இருக்காது.

காலமும் மாறுகிறது. காஞ்சிபுரத்தில் 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் பெண் பிள்ளைகளுக்கும் கூத்துப் பயிற்சி கொடுத்து மேடையேற்றியது. அது நல்ல மாற்றம். ஆனால் நாற்பது வருஷம் சேலை கட்டி ஆடியவர்கள் சுவடில்லாமல் போய்விடக் கூடாது.

அடுத்த கூத்துக்குப் போகிறவர்கள் கிரீடத்தை மட்டும் செல்போனில் பிடித்துவிட்டுத் திரும்ப வேண்டாம். வேஷம் கலைவதற்குள் திரௌபதியையும் ஒரு படம் எடுங்கள். பெயரும் ஊரும் கேட்டு எழுதிவையுங்கள். விழாக் குழுவினர் அடுத்த நோட்டீஸில் அந்தப் பெயருக்கு ஒரு வரி ஒதுக்கினால் போதும்.