லண்டன் மாநகரும் என் அப்பாவின் கரணையும்

(இரண்டாம் ஆண்டு, சிவில்)

இந்த மலருக்குக் கவிதை எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். நாலு வரிக்கு மேல் நகரவில்லை. ஆகவே எனக்குப் பழக்கமான ஒரு ஊரைப் பற்றி எழுதுகிறேன். பழக்கம் என்றால் சிரிப்பீர்கள். அந்த ஊரை நான் பார்த்ததே இல்லை. லண்டன் மாநகரம்தான் அது!

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு சிமெண்டுக் கடைக் காலண்டர் தொங்குகிறது. தாளெல்லாம் கிழித்து முடித்த பிறகும், படம் அழகாக இருக்கிறது என்று அம்மா அதைக் கழற்றவில்லை. தேம்ஸ் நதி, கரையில் பாராளுமன்றம், ஓரத்தில் பிக் பென். சின்ன வயதில் அதை ஏதோ கோயில் கோபுரம் என்றே நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். கேட்டால் சொல்ல ஆள் கிடையாது. பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிறகு நூலகத்தில் தேடித் தேடிப் படித்தேன்.

பிக் பென் என்பது உண்மையில் கோபுரத்தின் பெயர் அல்ல. உள்ளே தொங்கும் 13.7 டன் மணியின் பெயர். 1859ல் ஒலிக்கத் தொடங்கிய இரண்டே மாதத்தில் அதில் விரிசல் விட்டது. அதை உருக்கி வார்க்காமல், மணியைச் சற்றுத் திருப்பி வைத்து, எடை குறைந்த சுத்தியலைப் பொருத்தினார்கள். அந்த விரிசல் மணிதான் இன்றும் மணி அடிக்கிறது! கடிகாரத்தைச் சரி செய்யும் முறையும் வேடிக்கையானது. ஊசலின் மேல் ஒரு பழைய பென்னிக் காசை வைத்தால் நாளொன்றுக்கு 0.4 வினாடி வேகம் கூடும். காசை எடுத்தால் குறையும். மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்கவும்!

ஆனால் சிவில் மாணவனான என்னைப் பிடித்துக் கொண்டது 1666ல் நடந்த தீ விபத்து. செப்டம்பர் 2ம் தேதி அதிகாலை, புட்டிங் லேன் என்ற சந்தில் ஒரு ரொட்டிக்கடையில் பிடித்த தீ, நெருக்கமான மர வீடுகளில் தாவித் தாவி நாலு நாள் எரிந்தது. 13,200 வீடுகள் போயின. 87 தேவாலயங்களோடு பழைய செயின்ட் பால் பேராலயமும் போயிற்று. அடுத்த வருடமே சட்டம் வந்தது. இனி வெளிச்சுவர் செங்கல்லிலோ கல்லிலோதான் இருக்க வேண்டும்; எத்தனை மாடிக்கு எவ்வளவு கனம் சுவர் என்பதும் அதில் உண்டு. நாம் பரீட்சைக்காக மனப்பாடம் செய்கிற விதிகளுக்குப் பின்னால் இப்படி எரிந்துபோன வீடுகள் இருக்கின்றன என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

புதிய செயின்ட் பால் பேராலயத்தைக் கட்டியவர் கிறிஸ்டோபர் ரென். வானவியல் பேராசிரியராக இருந்தவர். 1675ல் தொடங்கி 1710ல் முடித்தார். அதன் கும்மட்டம் ஒன்றல்ல, மூன்று! வெளியே தெரிவது ஈயத் தகடு போர்த்திய மரக் கும்மட்டம். உள்ளிருந்து பார்த்தால் தெரிவது வேறொரு கும்மட்டம். இரண்டுக்கும் நடுவே, யார் கண்ணுக்கும் படாமல், செங்கல்லால் ஆன ஒரு கூம்பு. உச்சியில் இருக்கும் கல் மண்டபத்தின் பாரத்தைத் தாங்குவது அதுதான்.

ஒரு ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் இதைச் சொன்னேன். பிசைந்த கை அப்படியே நின்றது.

"அப்ப வெளிய தெரியறது ரெண்டும் சும்மா. தாங்கறது நடுவுல இருக்கற செங்கல்லுதான். அப்படித்தானே?"

"ஆமாப்பா."

"ம். அப்புறம் சொல்லு."

இத்தனை நாளில் என் படிப்பைப் பற்றி அப்பா "அப்புறம் சொல்லு" என்று கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. லண்டன் சாக்கடைக் கதையைச் சொன்னேன்.

1858ம் வருடக் கோடை. ஊர்க் கழிவெல்லாம் தேம்ஸில்தான் கலக்கும். வெயில் ஏற ஏற நாற்றம் தாங்கவில்லை. நதிக்கரைப் பாராளுமன்றத்தில் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டும் உட்கார முடியவில்லை. அதற்கு முன்பே காலராவில் ஆயிரக்கணக்கான ஏழைகள் செத்திருந்தார்கள். அப்போது வராத அவசரம், நாற்றம் தங்கள் மூக்குக்கு வந்ததும் வந்தது! 18 நாளில் சட்டம் நிறைவேறியது.

பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட் பூமிக்கடியில் 132 கிலோமீட்டருக்குப் பிரதானக் கால்வாய்கள் கட்டினார். மைலுக்கு 2 அடி சரிவு. சிமெண்டை ஒவ்வொரு தடவையும் சோதித்த பிறகே கலக்க விட்டார். 1866ல் மறுபடி காலரா வந்தது. அது பெரும்பாலும் தாக்கியது, இன்னும் வேலை முடியாமல் இருந்த கிழக்கு லண்டனை மட்டுமே. ஒரு கட்டடம் எத்தனை உயிரைக் காக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

"எத்தன கல்லு போச்சாம்?" என்றார் அப்பா.

"31 கோடியே 80 லட்சம்."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஒரு சித்தாளு இருந்தா நான் நாளைக்கு ஐந்நூறு கல்லு வெப்பேன். வருசத்துக்கு முந்நூறு நாள் வேல. கணக்குப் போடு."

போட்டேன். 2,120 வருடம்! ரோமானியர்கள் கி.பி. 50 வாக்கில் லண்டனை நிறுவினார்கள். அன்றைக்கே அப்பா கரணையைக் கையில் எடுத்திருந்தாலும் இன்னும் முடிந்திருக்காது. வீடே சிரித்தது.

சிரித்து முடித்து அப்பா கேட்டார். "வெச்சவங்க பேரு எங்கயாச்சும் எழுதியிருக்கா?"

"என்ஜினியருக்கு ஆத்தங்கரைல சிலை இருக்குப்பா. கொத்தனாருங்க பேரு நான் படிச்ச புஸ்தகத்துல இல்ல."

"கல்லு இன்னும் நிக்குதா?"

"நிக்குது. ஜனம் பெருகிப் போச்சுன்னு 2025ல பக்கத்துல 25 கிலோமீட்டருக்குப் புதுச் சுரங்கம் முடிச்சாங்க. ஆனா பழசும் ஓடுது."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்தார்.

நண்பர்களே, இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். விடுதியில் சேர்ந்த அன்று "உங்க அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டீர்கள். "கன்ஸ்ட்ரக்‌ஷன் லைன்ல இருக்கார்" என்றேன். காண்டிராக்டர் என்று நீங்களாக நினைத்துக் கொண்டீர்கள். நான் திருத்தவில்லை. முதல் வருடம் ஃபீஸ் கட்ட வேலையிலிருந்து நேராக, காலெல்லாம் சிமெண்டுக் கறையோடு வந்தவரைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி, பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பினேன். ஒரு டீ கூட வாங்கித் தரவில்லை. அவர் ஏன் என்று கேட்கவும் இல்லை.

என் அப்பா கொத்தனார். எங்கள் ஊரில் தெற்குத் தெருவில் பதினோரு வீடுகள் அவர் கை வைத்துக் கட்டியவை. ஒன்றிலும் அவர் பெயர் கிடையாது.

கிறிஸ்டோபர் ரென்னை அவர் கட்டிய பேராலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். அவருடைய நினைவுச் சின்னத்தைத் தேடுகிறவர்கள் சுற்றிலும் பார்த்தால் போதும் என்ற பொருளில் அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு லண்டன் ஞாபகம் வரவில்லை. தெற்குத் தெருதான் ஞாபகம் வந்தது.

அடுத்த முறை அப்பா ஃபீஸ் கட்ட வரும்போது கேட்டில் நிறுத்த மாட்டேன். கேன்டீனுக்கு அழைத்து வருவேன். நீங்களும் வாருங்கள் நண்பர்களே, அறிமுகப்படுத்துகிறேன். செங்கல் கட்டு பற்றிச் சந்தேகம் இருந்தால் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். நம் புத்தகத்தைவிட நன்றாகச் சொல்வார்!