ஆப்பை நீக்கினாலும் பணம் போகும்

போனிலிருந்து ஓர் ஆப்பைத் தூக்கிவிட்டால் அதற்குப் போகிற மாதச் சந்தாவும் நின்றுவிடும் என்றுதான் என் அப்பா நம்பியிருந்தார். நம் வீடுகளில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நம்புகிறோம். நிற்காது. ஆப் போனில் இருக்கிறது. பணம் எடுத்துக்கொள்ள நாம் கொடுத்த அனுமதியோ வங்கிக் கணக்கோடு கட்டிப் போடப்பட்டிருக்கிறது. அந்த அனுமதியை நாம் தேடிப்போய்த் திரும்பப் பெறும்வரை மாதாமாதம் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

அப்பா அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வசூலில் ஒரு ரூபாய் குறைந்தாலும் கைக்காசைப் போட்டுக் கட்டிவிட்டு வீட்டுக்கு வருகிற மனிதர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்படிப் பணம் போகிறது என்று கேட்டதுமே “பெரியவங்க கவனமா இருக்கறதில்ல” என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அப்பாவைவிடக் கவனமாகக் காசு எண்ணுகிறவரை நான் பார்த்ததில்லை. அவருடைய பாஸ்புக்கை ஊருக்குப் போயிருந்தபோது வேறு காரியத்துக்காகப் புரட்டினேன். மாதத்துக்கு ஒரு வரி, 199 ரூபாய். அந்த வரி வரும் இடத்தில் எல்லாம் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்.

அவர் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு மாதமும் பார்த்திருக்கிறார்.

“என்னப்பா இது, தெரிஞ்சும் சொல்லாம இருந்திருக்கீங்க?” என்றேன்.

“அந்த ஆப்பை அப்பவே எடுத்துட்டேன்ம்மா. அப்பறமும் போவுது. உங்ககிட்ட சொன்னா போனை வாங்கி வச்சிருவீங்க.”

199 ரூபாயைவிட அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை உலுக்கியது. அம்மா போன பிறகு அந்த போன்தான் அவருக்குப் பேச்சுத்துணை. பழைய பாட்டு, பேப்பர், பேரனின் வீடியோ கால் எல்லாம் அதில்தான். அதைப் பறிகொடுப்பதைவிட மாதம் 199 ரூபாய் போகட்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் பேசாமல் இருந்திருக்கிறார். இந்தச் சந்தாக்கள் உயிரோடு இருப்பதற்கு முதல் காரணம் இந்தக் கூச்சம்தான் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். 5,000 ரூபாய் போனால் அன்றைக்கே வங்கிக்கு ஓடுவோம். 199 ரூபாய்க்கு யாரிடம் போய்க் கேட்பது, என்ன நினைப்பார்கள் என்று இருந்துவிடுகிறோம். அந்தத் தொகையே நாம் கேட்கக் கூசும் அளவில் வைக்கப்பட்ட தொகை.

அவர் மாட்டிய விதம் மிகச் சாதாரணமானது. பழைய படங்கள் பார்க்கும் ஆப் ஒன்றுக்கு, ‘ஒரு ரூபாய்க்கு ஏழு நாள்’ என்று விளம்பரம் வந்திருக்கிறது. ஒரு ரூபாய்தானே என்று யுபிஐ பின்னைப் போட்டிருக்கிறார். அந்தப் பின் கேட்கும் திரையை யாராவது நிறுத்தி நிதானமாகப் பார்த்திருக்கிறோமா? அதில் ஆட்டோபே என்று இருக்கும். அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம், மாதம் ஒரு முறையா வருடம் ஒரு முறையா, எந்தத் தேதி வரை என்பதெல்லாம் இருக்கும். முடிவுத் தேதி பல வருடங்களுக்கு அப்பால் இருக்கும். கண்ணில் படுவதென்னவோ பெரிய எழுத்தில் இருக்கும் ஒரு ரூபாய்தான். ஒரு முறை பின் போட்டதோடு சரி. அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் பின்னோ ஓடிபியோ கேட்காமலேயே எடுத்துக்கொள்ளலாம். இந்த வகைச் சந்தாக்களுக்கு 15,000 ரூபாய் வரை அப்படி எடுக்க 2022 முதல் ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது.

அதே ரிசர்வ் வங்கி ஒரு பாதுகாப்பையும் வைத்திருக்கிறது. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் வரவேண்டும். யார், எவ்வளவு, என்றைக்கு எடுக்கப் போகிறார்கள் என்று அதில் இருக்கவேண்டும். வேண்டாம் என்று விலக வழி இருக்கவேண்டும். அப்பாவின் போனில் மெசேஜ்களைத் தேடினேன். ஒரு மாதம்கூடத் தவறாமல் வந்திருந்தன. லோன் வேண்டுமா, ரீசார்ஜ் செய்யுங்கள் என்கிற குப்பைகளுக்கு நடுவே, ஆங்கிலத்தில். தினத்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரி விடாமல் படிக்கிற மனிதருக்கு, அவருடைய பணத்தைப் பற்றிய ஒரே ஒரு முக்கியமான செய்தி அவர் படிக்க முடியாத மொழியில் வந்திருக்கிறது. சட்டப்படி தகவல் கொடுத்தாகிவிட்டது. அவருக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. வங்கிகள் எந்த மொழியில் கணக்கு ஆரம்பிக்கும் விண்ணப்பத்தை வாங்குகின்றனவோ அந்த மொழியில் இந்த மெசேஜையும் அனுப்பவேண்டும் என்பது என் கோரிக்கை.

நிறுத்தலாம் என்று உட்கார்ந்தபோது முதலில் தடுக்கியது பெயர். பாஸ்புக்கில் அந்த ஆப்பின் பெயர் இல்லை. யுபிஐ என்று ஆரம்பித்து, நீளமான ஓர் எண், அப்புறம் பாதியில் வெட்டுப்பட்ட ஏதோ கம்பெனிப் பெயர். ஆப்பை நடத்தும் கம்பெனிக்கு வேறு பெயர் இருக்கலாம். பணத்தை வசூலித்துக் கொடுக்கும் இடைக் கம்பெனியின் பெயராகவும் இருக்கலாம். அதனால் பெயரை விட்டுவிட்டுத் தேதியையும் தொகையையும் பிடித்துக்கொண்டு தேடுவதுதான் சுலபம்.

வங்கிக்கும் போனோம். கவுன்ட்டரில் இருந்தவர் பாஸ்புக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இது நீங்க குடுத்த பெர்மிஷன் சார். அந்த கம்பெனிகிட்டதான் கேக்கணும்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கம்பெனிக்குப் போன் நம்பரே இல்லை, இமெயில் மட்டும்தான். அப்பா பாஸ்புக்கை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “விடும்மா” என்றார். அந்த இடத்தில்தான் ஆயிரக்கணக்கானவர்கள் விட்டுவிடுகிறார்கள். கம்பெனியிடம் கெஞ்ச வேண்டிய அவசியமே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அனுமதி கொடுத்தவர் நாம். அதை ரத்து செய்யும் இடமும் நம் கையில் இருக்கும் யுபிஐ ஆப்புக்குள்ளேயே இருக்கிறது.

கூகுள் பேயோ போன்பேயோ எதுவானாலும், மேல் மூலையில் நம் படமோ பெயரின் முதல் எழுத்தோ இருக்கும் வட்டத்தைத் தொட்டு உள்ளே போய்த் தேடினால் ஆட்டோபே என்று ஒரு பகுதி வரும். நாம் கொடுத்து வைத்திருக்கும் அனுமதிகள் அதில் வரிசையாக இருக்கும். வேண்டாததைத் தொட்டால் தற்காலிகமாக நிறுத்திவைக்க ஒரு பொத்தான், அடியோடு ரத்து செய்ய ஒரு பொத்தான். நிறுத்திவைப்பது மட்டும் போதாது, ரத்தைத்தான் அழுத்தவேண்டும். யுபிஐ பின்னைக் கேட்கும். போட்டால் முடிந்தது. அப்பா தினமும் பயன்படுத்தும் யுபிஐ ஆப்பில் அந்தப் பகுதி காலியாக இருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. அப்புறம்தான் அவர் போனில் எப்போதோ தம்பி போட்டுக் கொடுத்து, யாருமே திறக்காமல் கிடந்த இன்னொரு யுபிஐ ஆப் கண்ணில் பட்டது. அனுமதி அதன் வழியாகப் போயிருந்தது. ஆகவே போனில் எத்தனை யுபிஐ ஆப் இருக்கிறதோ அத்தனையையும் திறந்து பாருங்கள்.

பிளே ஸ்டோர் வழியாகச் சேர்ந்த சந்தா தனிக்கதை. பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே நம் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் என்பதற்குள் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் போனால் பட்டியல் வரும். அங்கே கேன்சல் செய்யலாம். ஒரே போனில் இரண்டு ஜிமெயில் இருந்தால் இரண்டிலும் மாறி மாறிப் பார்க்கவேண்டும். எந்தக் கணக்கில் சேர்ந்தோமோ அதில் மட்டும்தான் தெரியும். ஐபோனில் செட்டிங்ஸ் போய், மேலே இருக்கும் நம் பெயரைத் தொட்டால் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் இருக்கும். இலவச நாட்கள் முடிகிற அன்றைக்குச் செய்துகொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. குறைந்தது ஒரு நாள் முன்னதாகவே ரத்து செய்துவிடவேண்டும். கட்டிய காலம் முடியும்வரை ஆப் பெரும்பாலும் வேலை செய்யும் என்பதால், முன்கூட்டியே ரத்து செய்வதால் நஷ்டம் ஒன்றும் இல்லை. கிரெடிட் கார்டு, டெபிட் கார்டில் கொடுத்த அனுமதி என்றால் வங்கியின் இணையதளத்திலோ ஆப்பிலோ இ-மேண்டேட் என்ற இடத்தில் இருக்கும். அதை ஆன்லைனிலேயே ரத்து செய்யும் வசதியை வங்கி கொடுத்தாகவேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார்: கணக்கில் பணமே வைக்காமல் எடுத்துவிட்டால் அவர்கள் எதை எடுப்பார்கள்? கேட்க நன்றாக இருக்கிறது. அதே கணக்கிலிருந்து வீட்டுக் கடன் தவணையோ மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபியோ போகிறது என்றால் அது திரும்பி, அபராதம் விழும். வேரை விட்டுவிட்டு இலையைக் கிள்ளுகிற வேலை.

எல்லாவற்றையும் வெட்டுகிற வேகத்தில் நல்லதையும் வெட்டிவிடக் கூடாது. அப்பாவின் பாஸ்புக்கில் வருடா வருடம் மே மாதக் கடைசியில் 20 ரூபாய் போயிருந்தது. அதையும் நிறுத்திவிடு என்றார். அது பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா, விபத்துக் காப்பீடு. வருடத்துக்கு 20 ரூபாய்க்கு, விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். 70 வயது வரை உண்டு. 12 ரூபாயாக இருந்தது 2022 ஜூனில் 20 ஆனது. பாஸ்புக்கில் 436 ரூபாய் பார்த்தால் அது ஆயுள் காப்பீடாக, ஜீவன் ஜோதி பீமாவாக இருக்கலாம். எது எதற்காகப் போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு கை வையுங்கள்.

இந்தச் சிக்கல் ஸ்மார்ட்போனோடு வந்ததும் அல்ல. பட்டன் போன் காலத்தில் காலர் டியூன், ஜோக், ராசிபலன் என்று யாரும் கேட்காமலேயே பேலன்ஸ் கரைந்தது நினைவிருக்கும். 2013-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு, வாடிக்கையாளரிடம் இரண்டாவது முறை உறுதி கேட்காமல் எதையும் ஆரம்பிக்கக் கூடாது என்றது. நிறுத்துவதற்கென்று 155223 என்ற எண்ணும் வந்தது. மக்கள் புகார் செய்தார்கள், விதி வந்தது. இப்போதும் அதுதான் நடந்திருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இணையத்தில் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வகை உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. சந்தாப் பொறி அவற்றில் ஒன்று. ரத்து செய்யும் வழியை ஒளித்து வைப்பது, அதைச் சுற்றி வளைத்து நீளமாக்குவது, இலவசம் என்று சொல்லிவிட்டு ஆட்டோ டெபிட் அனுமதி கேட்பது எல்லாம் அதில் வருகின்றன. அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். “அப்ப என் மேல தப்பில்லையா?” என்று கேட்டார். இல்லை என்று அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது என்றேன்.

ரத்து செய்ததற்கான ஸ்கிரீன்ஷாட்டை இணைத்து, அந்த விதியையும் குறிப்பிட்டுக் கம்பெனிக்கு இமெயில் அனுப்பினோம். கடைசி மாதத்துப் பணம் திரும்பி வந்தது. அதற்கு முந்தையது வரவில்லை. நாமே பின் போட்டுக் கொடுத்த அனுமதி என்பதால் பழையதை வாங்குவது கடினம். ரத்து செய்த பிறகும் எடுத்தால் அது அப்பட்டமான தவறு, விடக் கூடாது. பிளே ஸ்டோர் வழியாகப் போன பணம் என்றால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே கேட்பது நல்லது. கம்பெனி மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். வங்கி புகாரை வாங்கிக்கொண்டு 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் மிக எச்சரிக்கையாக இருங்கள். இணையத்தில் ‘கஸ்டமர் கேர்’ என்று தேடிக் கிடைக்கும் எண்களை நம்பிக் கூப்பிடாதீர்கள். போலி எண்கள் நிறைய இருக்கின்றன. சந்தாவை ரத்து செய்ய யாருக்கும் பணம் கட்டவேண்டியதில்லை, யாரிடமும் ஓடிபி சொல்லவேண்டியதில்லை. அப்படி ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பா, அம்மா, மாமியார், மாமனார் யாராக இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து பாஸ்புக்கையும் ஆட்டோபே பகுதியையும் சேர்ந்து பாருங்கள். பொத்தானை அவர்கள் விரலாலேயே அழுத்தச் சொல்லுங்கள். போனை மட்டும் வாங்கி வைத்துவிடாதீர்கள்.