பண்டிகை முடியட்டும் என்றேன்

கோவையில் ஒரு பம்புத் தொழிற்சாலையில் 26 வருடம் பர்சனல் ஆபீசராக இருந்தேன். ஆள் எடுப்பது, லீவுத் தகராறு, கேன்டீன் சாம்பாரில் உப்பு இல்லை என்ற பஞ்சாயத்து, எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். ஆளை நிறுத்துகிற வேலையும் என்னுடையதுதான். அதை எப்படிச் செய்யக் கூடாது என்பதை 2008இல் கற்றுக்கொண்டேன். படிப்புக்கான செலவை மட்டும் வேறொருவர் கொடுத்தார்.

அந்த வருடம் செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்தது. இங்கே எங்களுக்குக் கரண்ட் போனது. ஏற்றுமதி ஆர்டர் நின்றது, ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றி மாளவில்லை. எங்களிடம் 84 பேர். அதில் 14 பேரை நிறுத்துவது என்று அந்த மாதக் கடைசியிலேயே முடிவாகிவிட்டது. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளியிடம் நான்தான் சொன்னேன்: “தீபாவளி முடியட்டுங்க. பாவம், புள்ளகுட்டிக்காரங்க.” அவரும் தலையாட்டினார். பெரிய தர்மம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

அக்டோபர் நடுவில் ஒரு செய்தி வந்தது. ஜெட் ஏர்வேஸ் விமான நிறுவனம் சுமார் 1,900 பேரை நிறுத்துவதாக அறிவித்தது. நாடே கொதித்தது. மறுநாள் இரவே அதன் தலைவர் நரேஷ் கோயல் எல்லோரையும் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். (அந்த நிறுவனமே 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்திக்கொண்டது என்பது பின்கதை.) எங்கள் கேன்டீனில் அன்று அதே பேச்சுத்தான். ஒருவர் என்னைப் பார்த்து, “நம்ம கம்பெனியில அப்படியெல்லாம் ஆவாதுங்களே சார்?” என்று கேட்டார். டீ ஆறிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன்.

போனஸ் போட்டோம். அரைக் கிலோ ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தோம். இரண்டு நாள் கழித்து மெஷின் ஷாப்பிலிருந்து ஒரு டர்னர் புது வண்டியோடு கேட் முன்னால் வந்து நின்றார். போனஸை முன்பணமாகக் கட்டி, மீதிக்கு 24 மாதத் தவணை. ஹேண்டில்பாரில் மாலை, முன்சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சை. “சார், நீங்க ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க, உங்க கை ராசியானது” என்றார். பட்டியலில் அவர் பெயர் நான்காவது. நான் வண்டியை வாங்கி, கேட்டிலிருந்து ஃபவுண்டரி வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன்.

தீபாவளி கழிந்த இரண்டாவது திங்கட்கிழமை 14 பேரையும் ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னேன். சட்டப்படி ஒரு பிசகும் கிடையாது. தொழில் தகராறு சட்டம் 1947, பிரிவு 25எஃப் சொல்கிறபடி காரணம் எழுதிய கடிதம், ஒரு மாத நோட்டீசுக்குப் பதில் ஒரு மாதச் சம்பளம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு, தொழிலாளர் துறைக்குத் தகவல். அந்த டர்னருக்கு நாள் சம்பளம் 250 ரூபாய். சர்வீஸ் 11 வருடம் 7 மாதம். ஆறு மாதத்துக்கு மேல் போனால் ஒரு வருடமாகக் கணக்கு, ஆகவே 12. இழப்பீடு 45,000. கிராஜுவிட்டி தனி, அதுவும் 45,000. காசோலைகளை அன்றே கையில் கொடுத்தேன்.

அவர் காசோலையைப் பார்க்கவில்லை. “ஏனுங்க சார், உங்களுக்கு முன்னமே தெரியுமுங்களா?” என்றார். தெரியும் என்றேன். “ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா நான் அந்த வண்டிய எடுத்திருக்க மாட்டனுங்க.” கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டார், போனார்.

பண்டிகைக்கு முன் சொல்லாமல் இருப்பது இரக்கம் என்று பல முதலாளிகள் இன்றும் நம்புகிறார்கள். தீபாவளி நம் வீடுகளில் வருடத்திலேயே அதிகம் செலவு வைக்கும் மாதம். துணி, பலகாரம், தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு மோதிரம், எல்லாமே வரப்போகிற சம்பளத்தை நம்பித்தான். அந்த நம்பிக்கை பொய் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பது, அவர் கடன் வாங்குவதை நின்று வேடிக்கை பார்ப்பதுதான். நான் செய்தது அதைத்தான். உண்மையில் நான் காப்பாற்றிக்கொண்டது என் தீபாவளியை.

இதற்கு நேர்மாறான கூத்தையும் பார்த்திருக்கிறேன். பக்கத்து ஊரில் ஒரு மில். முதலாளி தொழிலாளிகளைக் கட்டிப்பிடித்து அழுதார். வேட்டி சேலை கொடுத்தார். இழப்பீட்டை மட்டும் “தை பிறக்கட்டும், தருகிறேன்” என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் பணத்தை அந்த நேரத்திலேயே கொடுக்காவிட்டால் ஆட்குறைப்பே செல்லாது என்று ஹாஸ்பிடல் மஸ்தூர் சபா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960இலேயே சொல்லிவிட்டது. பல வருடம் லேபர் கோர்ட்டுக்கு நடந்தார்கள், இரண்டு தரப்பும்.

இன்னொன்று. யாரை நிறுத்துவது என்பதில் முதலாளியின் கை நீளும். எங்கள் முதலாளியும் சங்கத்தில் சத்தமாகப் பேசுகிற ஒரு ஃபிட்டரைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னார். அந்தந்தப் பிரிவில் கடைசியாக வந்தவர்தான் முதலில் போக வேண்டும் என்பது அதே சட்டத்தின் பிரிவு 25ஜி. அதைக் காட்டி மறுத்துவிட்டேன். டர்னர் 11 வருட ஆள் ஆனாலும், டர்னர்களில் அவர்தான் கடைக்குட்டி. சட்டம் எனக்கு ஒரு கவசமாக இருந்தது அந்த ஒரு இடத்தில்.

‘லே ஆஃப்’ என்று இன்று ஐடி பிள்ளைகள் சொல்வது வேறு. மில்காரர்களுக்கு லே ஆஃப் என்றால் தற்காலிகமாக வேலை இல்லை, பாதிச் சம்பளம். பேரேட்டில் பெயர் இருக்கும். கரண்ட் இல்லாத மாதங்களில் அதை முதலில் முயன்றிருக்கலாம். முயலவில்லை.

2012இல் மறுபடி கரண்ட் வெட்டு, மறுபடி பட்டியல், ஒன்பது பேர். இந்த முறை ஆகஸ்டிலேயே சொன்னேன். நோட்டீஸ் காலத்துக்குச் சம்பளம் கொடுத்து அன்றே அனுப்பாமல், உண்மையாகவே ஒரு மாதம் வேலையில் வைத்திருந்தோம். வாரத்தில் ஒரு நாள் வேலை தேட விடுப்பு. கணபதியிலும் பீளமேட்டிலும் தெரிந்த பட்டறைகளுக்கு நானே போன் போட்டேன். நான்கு பேருக்கு அமைந்தது. மற்றவர்கள் வைதார்கள். வையட்டும், ஆனால் ஒருவரும் அந்தத் தீபாவளிக்குப் புதுக் கடன் வாங்கவில்லை.

இப்போது 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. ஆளை நிறுத்த அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300 ஆகிவிட்டது. நிறுத்தப்பட்டவருக்குக் கணக்கை இரண்டு வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும். மறுபயிற்சிக்கென 15 நாள் சம்பளமும் உண்டு. எந்த மாதத்தில் வாயைத் திறக்க வேண்டும் என்பதை மட்டும் எந்தச் சட்டமும் எழுதவில்லை.

பலர் மறந்துவிடுகிற ஒரு பாக்கி இருக்கிறது. கணக்கு வருடத்தில் 30 நாள் வேலை செய்திருந்தாலே போனஸ் உண்டு. ஆகவே 2008 ஏப்ரல் முதல் நவம்பர் வரை உழைத்ததற்கு, அந்த 14 பேருக்கும் 2009 தீபாவளிக்கு எங்களிடம் பணம் இருந்தது. எல்லோருக்கும் கடிதம் போட்டேன். 13 பேர் வந்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். டர்னர் வரவில்லை. மணியார்டர் அனுப்பினேன், விலாசத்தில் ஆள் இல்லை என்று திரும்பியது. தவணை கட்டாததால் வண்டியைத் தூக்கிவிட்டார்கள், குடும்பத்தோடு திருப்பூர் பக்கம் போய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள். தேடினேன், கிடைக்கவில்லை. மூன்று வருடம் காத்திருந்து, விதிப்படி அந்தத் தொகையைத் தொழிலாளர் நல வாரியத்தில் கட்டி ரசீது வாங்கி ஃபைலில் வைத்தேன்.