நாலு வாரம் பாக்கி

இரண்டு பேர் சேர்ந்து ஒரு கதை எழுதுகிறார்கள். அதில் ஒரு காதலன், ஒரு காதலி. ஜனங்கள் காத்திருந்து படிக்கிறார்கள். திடீரென்று எழுதுகிறவர்களில் ஒருவர் இல்லாமல் போய்விடுகிறார். இப்போது அந்தக் காதலர்கள் யாருக்குச் சொந்தம்? அவர்களை யார் வழியனுப்பி வைப்பது?

சிரிக்காதீர்கள். நான் பி.காம். படித்தவன். எனக்கு எதுவும் முதலில் கணக்காகத்தான் தோன்றும். 1932-ம் வருடத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் இந்த விஷயத்தில் படு தெளிவு. வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாத பட்சத்தில், பார்ட்னர் ஒருவர் இறந்தால் கூட்டு கலைந்துவிடும். மேஜை, நாற்காலி, கையிருப்புச் சரக்கு எல்லாவற்றையும் விற்று, கடனை அடைத்து, மிச்சத்தைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஒரே ஒரு அயிட்டம்தான் தகராறு பண்ணும். குட்வில். நற்பெயர். கண்ணுக்குத் தெரியாது, கிடங்கில் இருக்காது, ஆனால் இருக்கிறது. அதற்கு விலை போடச் சொல்லிப் பரீட்சையில் உயிரை எடுப்பார்கள்.

கதாபாத்திரங்களும் குட்வில் ஜாதிதான் என்று நினைக்கிறேன்.

சேர்ந்து எழுதுவது என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருகிற பெயர் ‘சுபா’. சுரேஷ், பாலகிருஷ்ணன் என்று இரண்டு நண்பர்கள். பஸ் ஸ்டாண்ட் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கிய மாத நாவல்களின் காலத்தில் அவர்களுடைய நரேந்திரனையும் வைஜயந்தியையும் தெரியாதவர் குறைவு. ‘ஈகிள்ஸ் ஐ’ துப்பறியும் நிறுவனத்துக்காகக் குற்றவாளியைத் துரத்திக்கொண்டு ஓடுகிற நேரத்திலும் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்ள அந்த ஜோடி தவறியதில்லை. கொலையாளி யார் என்பது நாவலை மூடின அரை மணி நேரத்தில் மறந்துபோகும். சீண்டல் மறக்காது.

அதில் எந்த வரி சு, எந்த வரி பா? படிக்கிறவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவன் ஒன்று சொல்லி அவள் பதில் கொடுக்கிறாள் என்றால், எங்கோ இரண்டு நண்பர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பாத்திரங்கள் குடியிருப்பது காகிதத்தில் இல்லை. அந்தப் பேச்சில்.

பேச்சு நின்றுபோனால்?

பிரான்ஸில் ‘ஆஞ்செலிக்’ என்று ஒரு காதல் தொடர் உண்டு. பதினான்காம் லூயி மன்னன் காலத்துக் கதை. ஆன், செர்ஜ் கோலோன் என்ற தம்பதியின் பெயரில் 1950-களில் வரத் தொடங்கியது. கணவர் சரித்திரத் தகவல்களைத் தோண்டி எடுத்துக் கொடுப்பார், மனைவி எழுதுவார். 1972-ல் செர்ஜ் இறந்துபோனார். ஆன் தனியாகத் தொடர்ந்தார். 1985-ல் 13-வது பாகம் வந்தது. அதோடு கும்பிடு போட்டாரா என்றால், இல்லை. எண்பது வயதுக்கு மேல் பழைய பாகங்களை எடுத்து வைத்துக்கொண்டு, விரித்தும் திருத்தியும் மறுபடி எழுத உட்கார்ந்துவிட்டார். 2017-ல், 95 வயதில் காலமானார். கணவர் போய் 45 வருடம். அந்தம்மாவுக்குக் கதையை முடிக்க மனசில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

நம் ஊரிலும் இருக்கிறது. கல்கி 1950-ல் ஆரம்பித்து 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ எழுதினார். முடித்தபோது வாசகர்கள் விடவில்லை. அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று ஆளாளுக்குக் கேள்வி. கல்கி பொறுமையாக உட்கார்ந்து ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று சொல்லி, முறையாக வழியனுப்பி வைத்தார். அடுத்து எழுத ஆரம்பித்த கதை ‘அமரதாரா’. இந்த முறை வழியனுப்ப அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. 1954 டிசம்பர் 5-ம் தேதி அவரே விடைபெற்றுக்கொண்டு போய்விட்டார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்துக்கொண்டு மிச்சக் கதையை எழுதி முடித்தவர் அவருடைய மகள் ஆனந்தி.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அப்பாவிடம் ஒரு சந்தேகம் கேட்க முடியாது. ‘இந்தப் பெண் இங்கே அழுவாளா, கோபப்படுவாளாப்பா?’ என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. இருப்பது நாலு குறிப்புகளும், அப்பா எப்படிப் பேசுவார் என்கிற ஞாபகமும்தான். கதையை முடித்துவிட்டால், அப்பாவோடு சேர்ந்து செய்கிற கடைசி வேலையும் முடிந்தது.

எழுதுகிறவர்கள் பாடு இப்படியென்றால், படிக்கிறவர்கள் பாடு என்ன? அங்கேதான் எனக்கு ஒரு கேஸ் தெரியும்.

கல்கி பள்ளிக்கூடம் படித்தது திருச்சியில். அந்தத் திருச்சிக்கு வடக்கே 15 கிலோமீட்டரில் சமயபுரம். என் அத்தை அங்கே டீச்சர். பக்கத்து வீட்டில் ஒரு பூக்காரம்மா. எழுதப் படிக்கத் தெரியாது. ராத்திரி சாப்பாடு ஆனதும் இருவரும் திண்ணையில் உட்காருவார்கள். பூக்காரம்மா வாழைநாரை நனைத்து வைத்துக்கொண்டு மறுநாளைக்குச் சரம் கட்டுவார். அத்தை வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதையைச் சத்தமாகப் படிப்பார். லீவுக்குப் போயிருக்கும் நான் நடுவில் படுத்துக்கிடப்பேன். கதை எப்படிப் போகிறது என்பதை அந்தம்மாவின் விரலைப் பார்த்தே சொல்லிவிடலாம். சூடுபிடித்தால் விரல் வேகமெடுக்கும். அழுகை வருகிற இடத்தில் அப்படியே நிற்கும்.

அத்தை ‘தொடரும்’ என்று படித்த பிறகுதான் நிஜக் கதையே ஆரம்பிக்கும்.

“அந்தப் புள்ள வேலைய விட்டுட்டு வந்து நிக்காது டீச்சர். ரோசக்காரி. அவன்தான் தேடிக்கிட்டுப் போவான், பாத்துக்கிட்டே இருங்க.”

“போங்கக்கா. அவனுக்கு ஏது அவ்வளவு தைரியம்? இவதான் மனசு கேக்காம வருவா.”

கதாநாயகி வெளியூரில் பாங்க் வேலை. கதாநாயகன் உள்ளூரில் அம்மாவுக்கு அடங்கிய பிள்ளை. எழுதினவர் அவர்களுக்குக் கொடுத்தது வாரத்துக்கு நாலு பக்கம். மிச்ச ஆறு நாளும் அவர்கள் சமயபுரத்துத் திண்ணையில்தான் ஜீவித்தார்கள். இவள் என்ன புடவை கட்டியிருப்பாள் என்பது வரைக்கும் தீர்மானமானது அங்கேதான்.

அந்த வருடம் மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பூச்சொரியல். ஊரே தட்டுத் தட்டாய்ப் பூ சுமந்துகொண்டு கோயிலுக்குப் போகிற நாள். வியாபாரமெல்லாம் நல்லபடியாகப் பார்த்து முடித்த பூக்காரம்மா, மறுநாள் விடிகாலை நெஞ்சு வலிக்கிறது என்றாராம். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது. கதை முடிய நாலு வாரம் பாக்கி.

பூச்சொரியல் ஆரம்பித்தால் சமயபுரத்தாளுக்கு 28 நாள் பச்சைப் பட்டினி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பக்தர்களுக்காக அவளே இருக்கிற விரதம். சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் இப்படித்தான். அந்த 28 நாளும் அத்தை வாரப் பத்திரிகையை வாங்கினார். தொடர்கதைப் பக்கங்களை வழக்கம்போலப் பிரித்து எடுத்தும் வைத்தார். படிக்கவில்லை.

கோடை லீவில் போன நான் கேட்டேன். எனக்குப் பதினாலு வயசு. முடிவு தெரியாமல் தலை வெடித்துவிடும் போலிருந்தது. “கல்யாணம் ஆச்சா இல்லியா அத்தை?”

அத்தை முறத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். “அவங்க இல்லாம நான் மட்டும் போயி அதுங்களுக்குக் கல்யாணம் பண்ணி வெக்கணுமாடா? எனக்கு மனசில்ல.”

அவ்வளவுதான். அதன் பிறகு அத்தை எத்தனையோ நாவல் படித்தார். சத்தமாகப் படித்து நான் கேட்டதில்லை.

அத்தையும் போன பிறகு, பரணிலிருந்து பைண்டு பண்ணின தொடர்கதைகளை இறக்கினோம். எல்லாம் காலிகோ அட்டை போட்டு, முதுகில் பெயர் எழுதி, ஒழுங்காக இருந்தன. இது மட்டும் பைண்டு ஆகாமல் உதிரியாக இருந்தது. கடைசி நாலு வாரம் தனியாக, வாழைநார் போட்டுக் கட்டி. நார் காய்ந்து, தொட்டதும் பொடிந்துவிட்டது.

நான் படித்தேன். அவனும் தேடிப் போகவில்லை, அவளும் திரும்பி வரவில்லை. பெரியவர்கள் ஒரு கோயிலில் சந்தித்துப் பேசி முடித்துவிட்டார்கள். ரொம்பச் சாதாரண முடிவு. அத்தை, பூக்காரம்மா இரண்டு பேருமே பந்தயத்தில் தோற்றுப்போயிருந்தார்கள். அதைச் சொன்னால் திண்ணை இரண்டுபட்டிருக்கும். ‘இவன்லாம் ஒரு கதாசிரியனா?’ என்று அந்தம்மா நாரை உதறிக்கொண்டு எழுந்திருப்பார். சொல்லத்தான் ஆளில்லை.

நான் படித்த சட்டத்தில் கூட்டு கலைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஷரத்து ஷரத்தாக இருக்கிறது. சேர்ந்து படித்தவர்களின் கூட்டுக்கு ஷரத்து கிடையாது. அந்தக் கணக்கை முடிக்க அத்தைக்கு இஷ்டமில்லை, முடிக்கவில்லை. அது அவர் உரிமை என்று இப்போது புரிகிறது.

உங்களுக்கும் அப்படி ஒரு பார்ட்னர் இருந்திருப்பார். தொடர்கதையை முதலில் யார் படிப்பது என்று பிய்த்துக்கொண்ட அக்கா, நாவலைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துக் கொடுத்த காலேஜ் சிநேகிதி, யாரோ ஒருத்தர். அவர் இருக்கிறார் என்றால் இன்று ராத்திரி ஒரு போன் போடுங்கள். நலமா, குழந்தைகள் என்ன படிக்கிறார்கள் எல்லாம் அப்புறம். எடுத்த எடுப்பில், ‘நரேந்திரனும் வைஜயந்தியும் எப்படி இருக்காங்க?’ என்று கேளுங்கள்.

ஒரு நிமிஷம் முழிப்பார். பிறகு பேச ஆரம்பிப்பார் பாருங்கள்.