தீவுக்கு எப்படிக் 'குன்னு'ன்னு பேர் வந்துச்சு?

ஃபைனல் இயர் டூர்னா கோவா, இல்லாட்டி மணாலி. எங்க கிளாஸும் கோவாவுக்குத்தான் கை தூக்குச்சு. பட்ஜெட் இடிச்ச 5 பேர் மட்டும் தனியா நின்னோம். அப்போதான் ஒரு சீனியர், "பரம்பிக்குளம் போங்கடா. அணைக்கட்டு நடுவுல வீட்டிக்குன்னுன்னு ஒரு தீவு. ராத்திரி அங்கேயே தங்கலாம். 5 பேருக்குத்தான் இடம்"னார். எங்களுக்காகவே அளந்து தச்ச சட்டை மாதிரி இருந்தது!

2019 டிசம்பர். பொள்ளாச்சியில் பஸ் ஏறி, சேத்துமடை செக்போஸ்ட், டாப்சிலிப் எல்லாம் தாண்டிப் போனோம். இதில் ஒரு கூத்து பாருங்க. பரம்பிக்குளம் இருப்பது கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில். ஆனா, ரோட்டு வழியா அங்கே போகணும்னா தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான் போகணும். அணை இருப்பது கேரள மண்ணில். அதை இயக்குவது தமிழ்நாடு. "ரெண்டு வீட்டுக்கும் பொதுவான கிணறு மாதிரி"ன்னு மதுரைக்காரன் ஒரே வரியில் முடிச்சான்.

வழியில் துணக்கடவு பக்கம் கன்னிமாரா தேக்கு. சுற்றளவே கிட்டத்தட்ட 7 மீட்டர். எல்லாரும் எடுக்கிற போட்டோவை நாங்களும் எடுத்தோம்.

சாயங்காலம் துடுப்புப் படகில் தீவுக்குக் கிளம்பினோம். பாதித் தண்ணியிலேயே செல்போன் டவர் காலி. காதலில் இருந்த 2 பேர் முகத்தில் ஈயாடவில்லை. கூட வந்த கைடு அண்ணன் காடர் சமூகத்தைச் சேர்ந்தவர். வயசு நாப்பதுக்குள்தான் இருக்கும். அவர் தமிழா மலையாளமான்னு பிரிக்க முடியாத ஒரு பேச்சு பேசினார். ஆனா, எங்களுக்கு ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை. கரையில் தண்ணி குடிக்க வந்த காட்டெருமைக் கூட்டத்தை அவர் விரல் நீட்டிக் காட்டின பிறகுதான் பார்த்தோம். அதுவரைக்கும் அதைப் பாறைன்னு நினைச்சிருந்தான் தூத்துக்குடிக்காரன்.

ராத்திரி மீன் குழம்பும் சோறும். சாப்பிட்டுட்டு அண்ணன் டார்ச் அடிச்சார். தண்ணி மேல ரெண்டு சிவப்புப் புள்ளி. "முதலை"ன்னார், ஏதோ பக்கத்து வீட்டுக்காரரை அறிமுகப்படுத்துற மாதிரி. அதுக்கப்புறம் ஒரு பயலும் பாத்திரம் கழுவக் கரைப்பக்கம் இறங்கலை.

எங்களில் ஒருத்தன் எப்பவும் குறுக்குக் கேள்வி கேட்பான். அன்னைக்கும் கேட்டான். "ஏண்ணா, இது தீவுதானே? அப்புறம் எப்படிக் குன்னுன்னு பேர்?"

"வீட்டின்னா உங்க ஈட்டி மரம். ஈட்டி மரம் நின்ன குன்னு. முன்னாடி இது தீவு இல்லை தம்பி, மலைதான். அணை கட்டித் தண்ணி ஏறினப்போ சுத்தி இருந்ததெல்லாம் முங்கிடுச்சு. உச்சி மட்டும் மிச்சம்."

சுத்தி என்ன இருந்துச்சுன்னு யாரோ கேட்டாங்க.

"காடு. எங்க ஆளுங்க குடியிருப்பு. எங்கம்மா பொறந்த இடம் அதோ அந்தப் பக்கம், தண்ணிக்கு அடியில."

இருட்டில் அவர் கை நீட்டின திசையில் தண்ணி மட்டும்தான் இருந்தது. பசங்க அரட்டை நின்னுபோச்சு. எனக்கு மட்டும் வேற ஒரு கணக்கு மனசுக்குள் ஓட ஆரம்பிச்சது.

எங்க ஊர் வெள்ளகோவில் பக்கம். பி.ஏ.பி. வாய்க்காலின் கடைமடை. பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம்னு பாடத்தில் படிச்சிருப்பீங்களே, அதேதான். 1967-ல் கட்டி முடிச்ச இந்த அணையிலிருந்து தண்ணி குகைவழியா துணக்கடவு போய், அங்கிருந்து சர்க்கார்பதி பவர்ஹவுஸில் இறங்கி, மலையோரக் கால்வாயில் ஓடி, உடுமலை பக்கம் திருமூர்த்தி அணையில் சேரும். பிறகு பிரதான கால்வாய், கிளை வாய்க்கால்னு பிரிஞ்சு பிரிஞ்சு எங்க மக்காச்சோளக் காட்டுக்கு வரணும். சுமார் 3.77 லட்சம் ஏக்கரை 4 மண்டலமாப் பிரிச்சு, முறை வெச்சுத்தான் விடுவாங்க. எங்க வீட்டில் கல்யாணத் தேதிகூட 'நம்ம மண்டலத்துக்குத் தண்ணி எப்போ?'ன்னு பார்த்துத்தான் குறிப்பாங்க. அந்தத் தண்ணி மேலதான் அன்னைக்கு நான் பாய் விரிச்சிருந்தேன்.

அண்ணன்கிட்ட சொன்னேன். அவர் கோபப்படுவார்னு ஒரு பயம் இருந்தது. அவர் கேட்டதோ வேற.

"உங்க ஊர் வரைக்கும் வந்து சேருதா?"

என்ன சொல்றது? கடைமடைக்காரன் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "வரும்ணா. பல தடவை பேருக்குத்தான் வரும். மேலேயே குறைஞ்சு போயிடும்."

"ம்"னார். ரொம்ப நேரம் வேற எதுவும் பேசலை. 'நல்லா வருது'ன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாமோன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை. விடிய விடிய ஏதோ ஒரு பறவை கத்திக்கிட்டே இருந்தது. காலையில் கரையோரம் ஒரு நீர்நாய்க் குடும்பம் மீன் பிடிச்சுச்சு. நாங்க கிளம்பினோம். அண்ணன் நம்பர் வாங்கிக்கிட்டேன்.

2022 செப்டம்பர் 21. விடியக்காலையில் அப்பா போன். "பரம்பிக்குளத்துல மதகு ஒடைஞ்சிருச்சாம் கண்ணு." அணையின் 3 மதகுகளில் ஒண்ணு, சங்கிலி அறுந்து அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. விநாடிக்கு 20,000 கன அடி வரைக்கும் தண்ணி கேரளாப் பக்கம் சாலக்குடி ஆத்துக்குப் பாய்ஞ்சது. மதகின் அடிமட்டத்துக்கு இறங்கற வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது. டி.வி-யில் அந்த நுரையைப் பார்த்துக்கிட்டு எங்க ஊர் டீக்கடையே வாயடைச்சு நின்னதாம். அப்பா அன்னைக்குச் சாப்பிடவே இல்லைன்னு அம்மா சொன்னாங்க.

கைடு அண்ணனுக்கு அடிச்சேன். லைன் கிடைக்க சில நாள் ஆச்சு. "உங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலையே?"ன்னு கேட்டேன்.

"ஒண்ணும் இல்லை தம்பி. தண்ணி இறங்கினதுல பழைய மரக்குத்தியெல்லாம் வெளிய நிக்குது. அம்மாவைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன்."

"அவங்க என்ன சொன்னாங்கண்ணா?"

"இதுதான் இடம்னாங்க. கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாங்க. அப்புறம், கால் வலிக்குது போலாம்னாங்க."

இதை அப்பாகிட்ட அப்படியே சொன்னேன். அவரும் கொஞ்ச நேரம் பேசலை.

"அந்தம்மாவுக்கு என்ன வயசிருக்கும்?"னார். சொன்னேன். அப்புறம் மெதுவாக் கேட்டார். "மதகு எப்பக் கண்ணு மாட்டுவாங்களாம்?"